தார்ப்பெட்டிக்குள் முப்பது நிரோத்

சோமனூரில் தறி ஓடும் நேரத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. எங்கள் வீதியில் நடந்த ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்புவதைப் பார்த்துத்தான் கெட்டிமேளம் என்று தெரிந்து அட்சதை போட்டோம். இதில் பொய் இருந்தால் கால்வாசி இருக்கும், அதற்கு மேல் கிடையாது.

தறிக்காரர்கள் அதனால் கையாலேயே பேசிக்கொள்வார்கள். இரண்டு விரலை உதட்டில் வைத்தால் டீ. கட்டைவிரல் வாசல் பக்கம் திரும்பினால் முதலாளி வருகிறார். உள்ளங்கையை நெஞ்சுக்கு நேரே வைத்து இரண்டு தடவை மெல்ல ஆட்டினால், நூல் அறுபடவில்லை, எல்லாம் நல்லபடியாக ஓடுகிறது என்று அர்த்தம். கைக்கு அடங்காத பேச்சு என்றால் காதுக்குள் வாயை வைத்துக் கத்த வேண்டும். அப்படிக் கத்திக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் தொலைந்தது. பாதி வார்த்தை தறிச் சத்தத்தில் போகும். மீதிப் பாதி ஊருக்கே கேட்கும்.

1996ஆம் வருஷம் கார்த்திகை மாதத்தில் பொற்கொடி கத்திய ஒரு கேள்வி அப்படித்தான் கருமத்தம்பட்டி நால்ரோடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க. ஆனா நான் கத்துனதக் கொறைச்சு எழுதிப்போடாதீங்க" என்றாள். அவள் வீட்டுக்காரன் திருமூர்த்தி, "பேரை மாத்தாம எழுதுங்க" என்று விட்டான். இனி எனக்கென்ன தயக்கம்?

திருமூர்த்தியின் அப்பா கடைசி வரைக்கும் அடுத்தவர் காட்டில் ஏர் ஓட்டினவர். அந்தக் குடும்பத்தில் மண்ணை விட்டுத் தறிக்கு வந்த முதல் ஆள் திருமூர்த்திதான். வந்தபோது அவனுக்குப் பதினாலு வயது. முப்பத்து நாலு வயதில், எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய தறிக் குடோனில் தனி ஆளாக நான்கு தறி பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி நிறுத்துவான். அத்தனை இரைச்சலுக்குள் அந்த ஒரு சத்தம் மட்டும் அவனுக்குத் தனியாகக் கேட்கும். ஒருமுறை எங்கள் வீட்டு மிக்சியில் வாஷர் போனதைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கண்டுபிடித்துச் சொன்னான். பொற்கொடி வீட்டில் உட்கார்ந்து தார் சுற்றுவாள். ஊடை நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தால், அந்தத் தார்க்குச்சி நாடா என்கிற ஓடக்கட்டைக்குள் உட்கார்ந்து, நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்து துணியாகும். அவள் சுற்றி அவன் நெய்த காடாத் துணியைச் சேர்த்து வைத்திருந்தால் பாலக்காடு வரைக்கும் விரித்திருக்கலாம்.

அந்த வருஷம் ஆவணியில் முதலாளி மகாராஷ்டிரத்து இச்சல்கரஞ்சியில் பழைய தறி நான்கு வாங்கினார். அவற்றைப் பிரித்து ஏற்றிவரத் திருமூர்த்தி லாரியில் போனான். அதற்கு முன் அவன் பார்த்த தூர தேசம் பழனி. திரும்பி வரும் வழியில் ஒரு லாரிப்பேட்டையில் டிரைவரோடு சேர்ந்து குடித்தான். டிரைவர் போன இடத்துக்கு இவனும் போனான். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது என்பான். வீட்டுக்கு வரும்போது பொற்கொடிக்கு ஒரு ஜோடி கோலாப்பூர் செருப்பு வாங்கி வந்தான். அவள் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நாலு தடவை நடந்து காட்டினாள். அந்த நடையைப் பார்க்க முடியாமல் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போனான்.

புரட்டாசியில் இருமல் பிடித்தது. தறிக்காரன் இருமினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பஞ்சுத் தூசி என்று விட்டுவிடுவார்கள். பொற்கொடி கற்பூரவல்லி, துளசி, மிளகு என்று காய்ச்சிக் கொடுத்த கஷாயத்தில் ஒரு குட்டை நிறைந்திருக்கும். இருமல் போகவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல். சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது. ஐப்பசி பாதியில் ஒருநாள் எச்சிலில் ரத்தம் வந்தது. எங்கள் பக்கத்துக் காசநோய் மருந்தகத்தில் சளியைச் சோதித்து, டிபி என்றார்கள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் திருமூர்த்திக்கு டிபி பயமே வரவில்லை. வேறு பயம் வந்தது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எய்ட்ஸ் பற்றி எழுதியிருந்ததை வாரம் ஒருமுறை பார்க்கிறவன் அவன். அந்தச் சீக்கு இருக்கிறவர்களுக்கு டிபி சீக்கிரம் வரும் என்று யாரோ டீக்கடையில் சொல்லக் கேட்டிருந்தான். லாரிப்பேட்டையையும் இருமலையும் சேர்த்து வைத்து, தானே தனக்குத் தீர்ப்பு எழுதிவிட்டான். தன்னைவிடப் பெரிய வெசனம் பொற்கொடியைப் பற்றி. திரும்பி வந்த பிறகு இரண்டு மாதம் அவளோடு ஒன்றாகத்தானே இருந்தான்?

மருந்தகத்து டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவன் சம்மதத்தோடு ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். இல்லை என்று முடிவு வந்தது. அவன் கும்பிட்டுக்கொண்டே எழுந்தான். டாக்டரம்மா உட்காரச் சொன்னார்.

"இன்னும் முழுசா முடியலைங்க. கிருமி உள்ள போயிருந்தாலும் சோதனையில தெரியறதுக்கு நாளாகும். நீங்க சொன்ன அந்த நாளிலிருந்து மூணு மாசம் நல்லா முடிஞ்சப்புறம் இன்னொருக்கா பாக்கோணும். மார்கழி பொறந்ததும் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். அதுவரைக்கும் ஊட்டுக்காரம்மாகூட இருந்தா நிரோத் இல்லாம இருக்கவே கூடாது. டிபி மாத்திரை ஆறு மாசம். ஒரு நாளும் விடப்படாது. டிபி வந்தவங்க எல்லாருக்கும் அது இருக்கும்னு நெனச்சுக்காதீங்க. டிபி கொணமாகிற சீக்கு. ரெண்டு மூணு வாரம் மாத்திரை சாப்பிட்டீங்கன்னா உங்க இருமல் அடுத்தவங்களுக்குத் தொத்தறது ரொம்பக் கொறைஞ்சுரும்."

மாத்திரையும், நிரோத் என்கிற அரசாங்க ஆணுறையும் கொடுக்க வேண்டியவர் சுந்தரராஜுலு. மருந்தகத்தின் களப்பணியாளர். ஐம்பது வயது தாண்டியவர். டிவிஎஸ் வண்டியில் ஊர் ஊராகப் போய், மாத்திரையை நிறுத்தியவர்களைத் தேடிப் பிடித்து வருவதுதான் வேலை. ஓடி ஒளிந்த நோயாளியைப் பனைமரத்து உச்சியில் கண்டுபிடித்து, கீழேயிருந்தே மாத்திரையை வாய்க்குள் எறிந்தார் என்று சொல்வார்கள். சொன்னது நான்தான். ஆனால் மரியாதைக்காரர். காக்கையை விரட்டுவதானாலும் 'போங்க' என்பார். அவருக்கு இருந்த ஒரே கஷ்டம், இருபது வருஷ வேலையில் நிரோத் என்ற சொல்லை அவர் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. பழைய காலண்டர் தாளில் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, "இது அந்தச் சாமானுங்க" என்று கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு நீட்டுவார். திருமூர்த்திக்கும் அப்படித்தான் பத்து நீட்டினார்.

திருமூர்த்தி அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஒற்றை அறை வீடு, மறைக்க இடமில்லை. எதற்கு என்று கேட்டால் சொல்லப் பதிலும் இல்லை. இன்னொன்று, ஒரு மெல்லிய ரப்பரை நம்பிப் பொற்கொடி பக்கத்தில் போக அவனுக்குத் தைரியம் வரவில்லை. அவளைத் தொடாமலே இருந்துவிடுவது என்று முடிவெடுத்தான். "டிபி தொத்திக்கும்" என்று சொல்லிக் கட்டிலைத் தூக்கிக் குடோனில் போட்டுக்கொண்டான். மூன்று வாரத்துக்குப் பிறகு தொற்றுவது குறைந்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னதை மறைத்தான். தீபாவளிக்குத் தலையில் எண்ணெய் வைக்க அவள் வந்தபோதுகூட, கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னான். காலண்டர் தாள் பொட்டலம் அவனுடைய தார்ப்பெட்டியின் அடியில், குச்சிகளுக்குக் கீழே கிடந்தது.

அதே குடோனில் அடுத்த நாலு தறியைப் பார்த்தவர் சின்னான். தறிக்குத் தாலாட்டுப் பாடாத குறைதான், அத்தனை பாசம். அவருடைய நாடா ஒன்று சில நாளாகத் தடுக்கித் தடுக்கி ஓடி நூலை அறுத்துக்கொண்டிருந்தது. தார் தீர்ந்து திருமூர்த்தியின் பெட்டிக்குள் கைவிட்டவர் பொட்டலத்தைக் கண்டுபிடித்தார். ஒன்றைப் பிரித்தார். விரலில் வழவழவென்று எண்ணெய் ஒட்டியது. சிறிது யோசித்துவிட்டு அதைக் கொண்டு நாடாவின் அடிப்பக்கத்தைத் துடைத்தார். பிறகு என்ன, அந்த நாடா சறுக்குப் பலகையில் விட்ட குழந்தை மாதிரி ஓடியதாம். துணியில் கறையே இல்லை. அன்றைக்குச் சின்னானின் தறி நெய்த வேகத்தில் மோட்டாரே பின்னால் ஓடி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டே நாளில் பத்தும் தீர்ந்தது.

"தம்பி, அதை இன்னும் கொஞ்சம் வாங்கியாறயா?" என்று சின்னான் காதில் கத்தினார்.

"எதைங்கண்ணா?"

"அதேன், உன்ற பெட்டியில இருந்துதே. அட, எதுக்கு மூஞ்சி இப்பிடிப் போவுது? குடும்பக் கட்டுப்பாடு நல்லதுதான. நாடாவுக்கும் நல்லதா இருக்குது."

திருமூர்த்திக்கு மூச்சு வந்தது. அவர் வேறு மாதிரி எதுவும் நினைக்கவில்லை. அவர் வெளியில் வாயைத் திறக்காமலும் இருக்க வேண்டுமே! மருந்தகத்துக்குப் போய் இன்னும் பத்துக் கேட்டான். நாலு நாள் கழித்து மறுபடியும் பத்து. குடோனில் எல்லாத் தறியும் வெண்ணெயாக ஓடியது.

அங்கே சுந்தரராஜுலுவுக்கு உறக்கம் போயிற்று. நோஞ்சான் ஆள். எலும்பு எண்ணலாம். மாத்திரை தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பத்து நாளில் முப்பது! மூன்றாவது தடவை கொடுக்கும்போது, "ஏனுங்க, ஒடம்பு தாங்குமுங்களா?" என்று கேட்டேவிட்டார். திருமூர்த்தி, அவர் மாத்திரையைச் சொல்கிறார் என்று எண்ணி, "இப்பத்தானுங்க தெம்பு வருது" என்றான்.

இந்த ஆளிடம் சொல்லிப் பயனில்லை, வீட்டில் சொல்லலாம் என்று அவர் நினைத்தார். நோயாளியின் விஷயத்தை வீட்டில் போய்ச் சொல்லக்கூடாது என்பது தெரிந்தவர்தான். ஆனால் அக்கறை முந்திக்கொண்டது. மறுநாள் காலை பொற்கொடி தார் சுற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் டிவிஎஸ் வந்து நின்றது.

"அம்மணி, மாத்திரை எல்லாம் சரியாச் சாப்பிடறாருங்களா?"

"கண்ணு முன்னால போடச் சொல்லிப் பாத்துட்டுத்தானுங்க வருவேன்."

"ரொம்ப சந்தோசமுங்க. அப்பறம் ஒண்ணு சொல்லோணும். தப்பா நெனைக்கப்படாது. இப்ப இருக்கற ஒடம்புக்கு அவருக்குக் கொஞ்சம் ஓய்வு குடுக்கோணுமுங்க."

"லீவு போடுங்கன்னா கேக்கறதில்லீங்க."

"தறியச் சொல்லலீங்க அம்மணி."

"பின்ன எதைங்க?"

சுந்தரராஜுலு கூரை ஓட்டைப் பார்த்தார், சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்தார். "அந்தச் சாமானுங்க. பத்து நாளுல முப்பது வாங்கியிருக்காரு. நாம அளவா இருந்துக்கிட்டா..."

"எந்தச் சாமானு?"

"அதானுங்க. அரசாங்கம் குடுக்கறது."

"நிரோத்துங்களா?"

"அதேதானுங்க" என்றார் பல்லியிடம்.

பொற்கொடி கையிலிருந்த தார்க்குச்சியைக் கீழே வைத்தாள். "இருங்க, டீ வெக்கறேன்" என்றாள். வைத்தாள், ஆற்றினாள், கொடுத்தாள். குடித்து முடிக்கும் வரைக்கும் நின்றாள். வந்த காரியம் நல்லபடியாக முடிந்தது என்று அவர் வண்டியை உதைத்துக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பியதும் அவள் கோலாப்பூர் செருப்பை மாட்டிக்கொண்டு குடோனுக்குப் புறப்பட்டாள்.

கட்டில் குடோனுக்குப் போனதிலிருந்து அவன் அவள் பக்கமே வரவில்லை. முப்பது நிரோத். அவளுக்குத் தெரிந்த கூட்டல் அவ்வளவுதான்.

குடோனில் பன்னிரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. திருமூர்த்தி அவளைப் பார்த்து, என்ன என்று கையை ஆட்டினான். அவள் நேரே போய்ச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தறிச் சத்தத்துக்கு மேலே தன் குரல் ஏற வேண்டும் என்று தொண்டையின் கடைசி நரம்பு வரைக்கும் இழுத்துக் கத்தினாள். சரியாக அந்த நொடியில் கரண்ட் போனது.

"...முப்பது நிரோத்தையும் எவகிட்டக் கொண்டுபோயிப் போட்டீங்க?"

சுவருக்கு இந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான் கத்தியைக் கீழே போட்டேன். வீதியில் சைக்கிள்கள் நின்றன. கோழிகள்கூட மேய்வதை நிறுத்தியதாக ஞாபகம். அத்தனை கோபத்திலும் 'போட்டீங்க' என்று மரியாதை குறையவில்லை பாருங்கள், அதுதான் எங்கள் ஊர்.

சின்னான்தான் இரண்டு தறிக்கு நடுவிலிருந்து கையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அம்மணி, எங்கிட்டத்தான் போட்டாரு."

செருப்பு அவர் பக்கம் திரும்பியது.

"அய்யோ, முழுசாக் கேளு அம்மணி! நாடாவுக்கு! நாடாவுக்குப் போட்டேன். இந்தா, தொட்டுப் பாரு. எப்பிடி வழுக்குது! ஏப்பா, நீங்களும் சொல்லுங்கப்பா, எல்லாருந்தான போட்டீங்க?"

பிரித்த காகிதங்கள் மூலையில் ஒரு சாக்கில் கிடந்தன. சின்னான் சாக்கையே கொண்டுவந்து அவள் காலடியில் கொட்டினார். முப்பதும் இருந்தன. பொற்கொடி நாடாவைத் தொட்டுப் பார்த்தாள். விரலை மோந்து பார்த்தாள். குடோனே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, துணிச் சுருள் மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். திருமூர்த்தியும் சிரித்தான், தப்பித்துவிட்டோம் என்று.

அவளுடைய சிரிப்புதான் முதலில் நின்றது. ஏதோ கேட்க வாயெடுத்தாள். சுற்றிலும் பார்த்தாள். கரண்ட் இல்லை, ஊசி விழுந்தால் வீதிக்குக் கேட்கும். கரண்ட் வர முக்கால் மணி நேரம் ஆனது. அது வரைக்கும் அவள் எழுந்து போகவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம். கரண்ட் வந்தது, பன்னிரண்டு தறியும் கிளம்பின. அவள் எழுந்து போய் அவன் காதில் வாயை வைத்துக் கேட்டாள்.

"நாடாவுக்குன்னா அவங்க குடுக்க மாட்டாங்க. உங்களுக்கு எதுக்குக் குடுத்தாங்க மாமா?"

அவன் அவள் காதில் வாயை வைத்தான். லாரிப்பேட்டை, ரத்தம், மார்கழி, எல்லாவற்றையும் சொன்னான். அத்தனை பேர் நடுவில் சொன்னான். ஒருவருக்கும் ஒரு சொல் கேட்கவில்லை. அவள் முகம் மாறியதை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டாள். மற்றொன்றையும் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போனாள்.

மூன்று நாள் சோறு சின்னான் கையில் வந்தது. நாலாம் நாள் பொற்கொடி தனியாக மருந்தகத்துக்குப் போய் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து, எனக்கு இருக்குமா என்று நேராகக் கேட்டாள். டாக்டரம்மா, உங்கள் வீட்டுக்காரருக்கு இல்லையென்றால் அவரிடமிருந்து உங்களுக்கு வந்திருக்க வழியில்லை, மார்கழியில் இரண்டு பேரும் சேர்ந்தே போய் வாருங்கள் என்றார். இருமல் இனிச் சுலபமாகத் தொற்றாது என்பதையும் அன்றைக்குத்தான் அவள் தெரிந்துகொண்டாள். திரும்பி வரும்போது குடோன் வாசலில் நின்று கையசைத்து அவனை வெளியே கூப்பிட்டாள்.

"கட்டலத் தூக்கிட்டு ஊட்டுக்கு வாங்க. குளுர்ல இருமிட்டுக் கெடக்க வேண்டாம்."

"பொற்கொடி..."

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. அதப் பொறகு பாக்கலாம். என்னைய ஒதுக்கி வெச்சுட்டு நீங்களே ஒத்தையில பயந்துட்டிருந்தீங்களே, அதுக்குத்தான் எனக்கு ஆங்காரம் எச்சா வருது."

சுந்தரராஜுலுவுக்கும் சேதி போயிருந்தது. தான் வாய்விட்டதால் வந்த வினை என்று தெரிந்ததும் நேரே அவர்கள் வீட்டுக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் பண்ணுனது தப்புங்க அம்மணி. நோயாளி சொல்லாம நான் சொல்லியிருக்கப்படாது." அடுத்த நாள் குடோனுக்கு ஒரு கையில் பொட்டலமும் மறு கையில் எண்ணெய்க் குப்பியுமாக வந்தார். கரண்ட் போகும் வரைக்கும் காத்திருந்தார். போனதும், இருபது வருஷமாக உள்ளே அடைத்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் விட்டார்.

"இது எண்ணெய். நாடாவுக்குங்க. இது நிரோத். மனுசருக்குங்க!"

நிரோத் என்ற சொல் வீதி முழுக்கக் கேட்டது. என் பக்கத்துச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. வெளியூர் போனால் இது இல்லாமல் எங்கேயும் போகாதீர்கள் என்றார். ஒன்றை ஒரு தடவைதான் போட வேண்டும், நாள் முடிந்ததைப் போடக்கூடாது, எண்ணெய் பட்டால் ரப்பர் கிழியும் என்றார். மூன்று வாரம் இருமினால் பஞ்சுத் தூசி என்று விடாமல் சளியைக் காட்டுங்கள், டிபி என்று வந்தால் ரத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்று தெரிந்தால் உறக்கமாவது வரும் என்றார். திருமூர்த்தியின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சின்னான் தலையைச் சொறிந்தார். "அப்ப நாங்க பண்ணுனது தப்புங்களா?"

"நாடா நல்லா ஓடுச்சுங்களா?"

"ஓடுச்சுங்க."

"அந்த மட்டுக்குச் சந்தோசமுங்க. இனிமே எண்ணெய் ஊத்திக்குங்க."

மார்கழி மூன்றாம் நாள் திருமூர்த்தியும் பொற்கொடியும் முதல் பஸ்ஸில் கோயமுத்தூர் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். முடிவு ஒரு வாரம் கழித்து. அந்த ஒரு வாரம் அவன் நெய்த துணியைக் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டியதில்லை; ஆட்டுக்குட்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. மூன்றாவது தறியில் நூல் அறுந்தது அவன் காதில் விழவே இல்லை. சின்னான் தன் தறிகளோடு இவனுடையதையும் சேர்த்துப் பார்த்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தெரியாமல் கேட்கவில்லையா, தெரிந்து கேட்கவில்லையா, இன்றைக்கும் சொல்ல மாட்டார்.

முடிவு வாங்கப் போன அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு தடவை பொற்கொடி, "இருந்துட்டா என்ன பண்றது?" என்றாள். அவன், "நீ உங்க அம்மா ஊட்டுக்குப் போயிரு, நான்..." என்று தொடங்கினான். "வாய மூடுங்க. மாத்திரை யாரு எடுத்துக் குடுப்பா?" என்றாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் தாளைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், ஏதோ சொன்னார். திருமூர்த்திக்குக் கேட்கவில்லை. மிக்சி வாஷர் போனதைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்ட காது, இரண்டு அடி தள்ளி இருந்தவர் சொன்னதைக் கேட்கவில்லை. டாக்டரின் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. பயத்தோடு பொற்கொடி பக்கம் திரும்பினான். அவள் உள்ளங்கையை நெஞ்சுக்கு நேரே வைத்து இரண்டு தடவை மெல்ல ஆட்டினாள்.

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டான். டாக்டர் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் இல்லை என்பதை அவனுக்காக இன்னொரு முறை சொன்னார்.

திரும்பும் வழியில் மருந்தகத்துக்குப் போய் டாக்டரம்மாவிடம் தாளைக் காட்டினார்கள். பொற்கொடி சுந்தரராஜுலுவின் மேஜை முன்னால் போய் நின்றாள். அவன் தேறும் வரைக்கும் குழந்தை உண்டாக வேண்டாம் என்று அவள் பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள்.

"நிரோத் குடுங்க."

"எத்தனைங்க அம்மணி?" இந்தத் தடவை அவர் கண் பல்லியைத் தேடவில்லை.

"முப்பது வேண்டாமுங்க. பத்து போதும். ஊட்டுக்கு."

திருமூர்த்தி வெளியே போய்ப் புளிய மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். காது சிவந்திருந்தது. சோமனூர் ஸ்டாப்பில் இறங்கினபோது, வெறுங்காலில் கல் குத்தி அவள் நொண்டினாள். கார்த்திகையிலிருந்து அவள் செருப்புப் போட்டிருக்கவில்லை.

"அந்தக் கோலாப்பூர் செருப்பு எங்கீங்க?"

"சின்னாண்ணன் எடுத்து வெச்சிருக்காரு. வேண்டாம்னா வீசிப்போடலாம்."

"எதுக்கு? செருப்பு என்ன பண்ணுச்சு, பாவம். வாங்க, வாங்கிட்டுப் போலாம்."

குடோனில் கரண்ட் இல்லை. தறிகள் நின்றிருந்தன. சின்னான் தார்ப்பெட்டி மேலிருந்து செருப்பை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு மாதத்துக்கு மேல் கிடந்த தோல் காய்ந்து விறைத்திருக்க வேண்டும். இதுவோ கண்ணாடி மாதிரி மின்னியது. காலை நுழைத்ததும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பொற்கொடி குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"ஏனுங்கண்ணா, இதுக்கு எந்த எண்ணெய் போட்டீங்க?"

சின்னான் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கரண்ட் வந்தது. பன்னிரண்டு தறியும் ஒன்றாகக் கிளம்பின. அவர் காதைத் தொட்டுக் காட்டி, ஒன்றும் கேட்கவில்லை என்று கையை விரித்துவிட்டு, அவசர வேலை இருப்பதுபோலத் தறிக்குப் பின்னால் போய்விட்டார்.